பற்றவைப்பின் கார்பன் கணக்கு

திருச்சியின் துவாக்குடிப் பக்கம் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் 'சி.ஓ.டூ. வெல்டிங்' என்ற பேச்சு காதில் விழும். சுருளிலிருந்து கம்பி தானே ஓடிவந்து உருகும். உருகிய உலோகத்தைக் காற்று தீண்டாதபடி கரியமில வாயு சுற்றிப் போர்த்திக் காக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று திறந்துவிட்டால் மணிக்கு 900 லிட்டர். எடையில் ஏறக்குறைய 1.65 கிலோ. காவல் முடிந்ததும் அத்தனையும் கூரையைத் தாண்டிப் போய்விடுகிறது. ஐரோப்பாவின் கார்பன் வரி என்று யாராவது பேச்செடுத்தால், பட்டறைக்காரரின் கண் முதலில் இந்த சிலிண்டரின் மேல் போவது இயல்புதான்.

ஆனால் கணக்கு வேறு இடத்தைக் காட்டுகிறது. 250 ஆம்பியர், 28 வோல்ட் என்ற வழக்கமான அளவில் வில் 7 கிலோவாட் எடுக்கும். இயந்திரத்தின் திறன் 80 சதவீதம் என்றால் மணிக்கு எட்டே முக்கால் யூனிட். அந்த ஒரு மணி நேரத்தில் மூன்றரைக் கிலோ உலோகம் படிகிறது என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு இரண்டரை யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே மின்சாரத்தின் பங்கு 1.75 கிலோ. காப்பு வாயுவின் பங்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. கம்பியும் எஃகுதானே? இந்திய எஃகின் சராசரி, டன்னுக்குச் சுமார் 2.5 டன். மூன்றையும் கூட்டினால், படியும் ஒவ்வொரு கிலோ பற்றுலோகத்துக்கும் ஏறக்குறைய 4.7 கிலோ. ஒரு டன் கட்டுமானத்தில் 15 கிலோ பற்றுலோகம் இருந்தால் அதன் மொத்தச் சுமை 70 கிலோ. அந்தக் கட்டுமானத்தில் உள்ள தகடுகளும் கோணங்களும் சுமந்து வந்தது 2,500 கிலோ. பற்றவைப்பின் பங்கு மூன்று சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த எண்கள் பட்டறைக்குப் பட்டறை மாறும், வரிசை மாறாது. கார்பனின் பெரும்பகுதி தீப்பொறி பறப்பதற்கு முன்பே தகட்டுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த இயந்திரம் வாங்கினாலும் பணம் தவறான இடத்துக்குத்தான் போகும்.

ஐரோப்பாவின் சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் எண்ணுகிறது. எல்லைக் கார்பன் சரிக்கட்டல் முறை 2023 அக்டோபர் 1 அன்று வெறும் அறிக்கைக் கடமையாகத் தொடங்கியது. 2026 ஜனவரி 1 முதல் அது பணக் கடமை. அந்த ஆண்டு இறக்குமதிக்கான சான்றுகளை ஐரோப்பிய இறக்குமதியாளர் 2027 பிப்ரவரியிலிருந்து வாங்க வேண்டும். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை முதல் பட்டியல். பணம் கட்டுவது அங்குள்ள இறக்குமதியாளர். எண்ணைக் கொடுக்க வேண்டியவர் இங்குள்ள உற்பத்தியாளர். எண் கொடுக்கவில்லை என்றால் சட்டம் வைத்திருக்கும் இயல்பு மதிப்பு விழும். அது வேண்டுமென்றே உயர்வாக நிர்ணயிக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 டன்னுக்குள் கொண்டுவரும் இறக்குமதியாளருக்கு 2025 திருத்தம் விலக்குத் தந்திருக்கிறது.

இதில் இரண்டு நுணுக்கங்களைத் திருச்சிக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, எஃகுப் பொருள்களுக்கு நேரடி உமிழ்வு மட்டுமே விலையிடப்படுகிறது. உற்பத்தியில் செலவான மின்சாரத்தின் உமிழ்வு அந்தக் கணக்கில் சேராது. மூலப்பொருளாக வந்த எஃகின் உமிழ்வு சேரும். கூரையில் சூரியத் தகடு பதித்தால் மின்கட்டணம் குறையும், வானத்துக்கும் நல்லது. ஆனால் ஐரோப்பிய எல்லையில் கட்டும் தொகை அதனால் ஒரு யூரோவும் குறையாது. இதைச் சொல்லாமல் சூரியத் தகடு விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

இரண்டாவது, சுங்கக் குறியீடு. கட்டுமானச் சட்டங்களும் தூண்களும் 7308, பெரிய தொட்டிகள் 7309. இரண்டும் பட்டியலில் உண்டு. கொதிகலன் 84ஆம் அத்தியாயத்தில் இருப்பதால் முதல் பட்டியலில் இல்லை. ஒரே பட்டறை, ஒரே வெல்டர், ஒரே தகடு. கொதிகலனைத் தாங்கும் தூணுக்கு வரி உண்டு, தூண் தாங்கும் கொதிகலனுக்கு இல்லை. இந்த இடைவெளி நீடிக்கும் என்று நம்பித் தொழில் நடத்துவது சரியல்ல. எஃகும் அலுமினியமும் மிகுந்த சுமார் 180 வகைப் பொருள்களுக்கு இம்முறையை விரிக்க 2025 டிசம்பரிலேயே ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்துவிட்டது.

சுமை ஏறும் வேகத்தையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஆலைகளுக்கு இலவசமாகக் கிடைத்துவரும் உமிழ்வு உரிமம் குறையக் குறைய இறக்குமதியின் சுமை ஏறும். 2026இல் குறைவது 2.5 சதவீதம்தான். 2028இல் 10, 2030இல் 48.5, 2034இல் 100. முதல் இரண்டு ஆண்டுகளின் சிறு தொகையைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று உட்கார்ந்துவிட்டவர் 2030இல் திகைத்து நிற்பார்.

பங்கு மூன்று சதவீதம்தான் என்றால் பற்றவைப்பைப் பற்றி எதற்கு இத்தனை பேச்சு? எவ்வளவு எஃகு தேவை, எந்த எஃகைப் பயன்படுத்தலாம், எவ்வளவு வீணாகும் என்ற மூன்றையும் முடிவுசெய்வது இணைப்புதான் என்பதால். இணைப்பு மாறினால் தகடு மாறும்.

இது புதிய செய்தி இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை, ஜெர்மனியின் புதிய பெரும் போர்க்கப்பல் ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. கப்பல் கட்டுவோர் தறையாணிகளையும் தகட்டின் மேல் தகடு ஏறும் விளிம்புகளையும் கைவிட்டு, மின்வில் பற்றவைப்புக்கு மாறினார்கள். 1931இல் நீரில் இறங்கிய 'டாய்ச்லாண்ட்' கப்பலில் இதனால் ஏறக்குறைய 15 சதவீத எடை மிச்சமானதாகக் கணக்கிடுகிறார்கள். ஓர் எடை வரம்பு, உலோகத்தை இணைக்கும் முறையையே மாற்றிவிட்டது. கார்பன் வரம்பும் எடை வரம்பு மாதிரியானதுதான்.

அதே காலத்தின் இன்னொரு கதை எச்சரிக்கையாக நிற்கிறது. கடற்படை உடன்படிக்கைகளின் எடை வரம்புக்குள் அடங்க, ஜப்பான் தன் 'மொகாமி' வகைக் கப்பல்களைப் பெருமளவு பற்றவைத்துக் கட்டியது. 1935இல் வெள்ளோட்டத்திலேயே மூட்டுகள் விரிசல் கண்டன. அந்த செப்டம்பரில் புயலில் சிக்கிய நான்காம் படைப்பிரிவின் கப்பல்கள் பல உடல் சிதைந்து கரை சேர்ந்தன. பற்றவைத்த உடல்களைத் திரும்பவும் வலுப்படுத்த வேண்டியதாயிற்று. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 'ஸ்கெனெக்டடி' என்ற எண்ணெய்க் கப்பல் புயல் ஏதுமில்லாமல், துறையில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கும் எஃகு, குறையுள்ள மூட்டு, கூர்முனைகளில் குவிந்த இழுவிசை ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது. கட்டுப்பாட்டின் அவசரத்தில் முறையை மாற்றலாம். சோதித்து முடிக்காமல் மாற்றக்கூடாது.

இன்று முன்வைக்கப்படும் மாற்று முறைகளில் மனத்தைக் கவர்வது உராய்வுக் கலக்கல் இணைப்பு. 1991இல் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள பிரிட்டனின் வெல்டிங் ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. சுழலும் கருவி ஒன்று இரு தகடுகளின் சந்திப்பில் இறங்கி, உலோகத்தை உருக்காமலே பிசைந்து ஒன்றாக்கும். அலுமினியத்தில் கம்பியும் வேண்டாம், காப்பு வாயுவும் வேண்டாம், புகையும் இல்லை. மஸ்தா நிறுவனம் 2003இல் தன் ஆர்.எக்ஸ்.-8 காரின் அலுமினியக் கதவுகளுக்கு இதன் புள்ளி வடிவத்தைக் கையாண்டு, மின்னோட்டப் புள்ளிப் பற்றவைப்போடு ஒப்பிட்டால் சுமார் 99 சதவீத ஆற்றல் மிச்சம் என்று அறிவித்தது. அலுமினியம் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவதால் மின்னோட்டப் பற்றவைப்புக்குப் பெரும் ஆம்பியர் தேவை; மிச்சம் இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கு அதுவே காரணம். எஃகுக்கு இதே முறையைக் கொண்டுவரும்போது கதை மாறுகிறது. எஃகு மென்மையாகும் வெப்பத்தைத் தாங்கும் கருவி விலை உயர்ந்தது; விரைவில் தேய்ந்தும் போகிறது. தடித்த தகட்டு வேலை செய்யும் திருச்சிப் பட்டறைக்கு இது இன்றைய விடையல்ல.

லேசரும் வில்லும் ஒரே குழம்பில் சேர்ந்து வேலை செய்யும் கலப்பு முறை தடித்த எஃகுக்குப் பொருந்தும். ஜெர்மனியின் பாப்பன்பர்க் கப்பல் தளத்தில் இது பல ஆண்டுகளாகத் தகட்டுப் பலகைகளை இணைத்துவருகிறது. 2015இல் பெர்லின் ஆய்வாளர்கள் 20 மி.மீ. தகட்டைக் கைராடு, கம்பி, லேசர் கலப்பு ஆகிய முறைகளில் பற்றவைத்து, வாழ்நாள் சுற்றுச்சூழல் தாக்கத்தை ஒப்பிட்டார்கள். அதிகச் சுமை கைராடுக்கு, குறைந்தது லேசர் கலப்புக்கு. அந்த முடிவில் எனக்கு முக்கியமாகப் படுவது லேசரின் வெற்றி அல்ல. ராடு தோற்ற காரணம். ராடின் மேற்பூச்சும், எறியப்படும் துண்டும், தெறித்துப்போகும் துளிகளும் சுமையைக் கூட்டுகின்றன. லேசர் வென்றதும் அது நிரப்பும் உலோகம் குறைவு என்பதால்தான். ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: மூட்டுக்குள் எவ்வளவு உலோகம் கொட்டுகிறோம்?

இதை அறிய லேசர் வேண்டாம்; ஓர் அளவுகோல் போதும். வரைபடம் 6 மி.மீ. மூலைப் பற்று கேட்கிறது. வெல்டர் 'இருக்கட்டும், பலமா இருக்கட்டும்' என்று 8 மி.மீ. போடுகிறார். கண்ணுக்கு இரண்டு மி.மீ. வித்தியாசம். குறுக்குவெட்டு முக்கோணத்தின் பரப்போ 18 சதுர மி.மீ.யிலிருந்து 32க்கு ஏறிவிட்டது. மீட்டருக்கு 141 கிராம் போதுமான இடத்தில் 251 கிராம். 78 சதவீதம் கூடுதல். அத்தனை வெப்பமும் தகட்டை வளைக்கும். வளைந்ததை நிமிர்த்த மறுபடி தீ. இதில் வெல்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'பற்று சின்னதாக இருக்கிறது' என்று திருப்பி அனுப்பப்பட்ட வேலைகளை அவர் கண்டிருப்பார். பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டதை ஒருபோதும் கண்டிருக்கமாட்டார்.

பள்ளத்தின் வடிவமும் அப்படித்தான். 20 மி.மீ. தகடுகள் இரண்டை 60 பாகை ஒற்றை வி-பள்ளம் வெட்டி இணைத்தால், அடி இடைவெளியை விட்டுக் கணக்கிட்டாலும் மீட்டருக்கு 1.8 கிலோ உலோகம் இறங்கும். அதே தகட்டை இருபுறமும் பாதிப்பாதி வெட்டினால் 0.9 கிலோ. சரிபாதி. புரட்டிப்போட இடமும் கிரேனும் இருக்கும் பட்டறைக்கு இது இயந்திரச் செலவில்லாத மாற்றம். இன்னொன்று தகட்டின் தடிமன். வலுக் கூடிய எஃகைக் கொண்டு 20 மி.மீ.யை 16ஆகக் குறைத்தால் தகட்டின் எடை ஐந்தில் ஒரு பங்கு குறையும். பள்ளத்தில் இறங்கும் உலோகமோ 36 சதவீதம் குறையும், பரப்பு தடிமனின் வர்க்கமாகப் போவதால். எல்லா இடத்திலும் இது முடியாது. வளைவுத் தாக்குப்பிடிப்பும், திரும்பத் திரும்ப வரும் சுமையின் களைப்பைத் தாங்கும் திறனும் எஃகின் வலுவோடு சேர்ந்து ஏறுவதில்லை. எங்கே முடியும் என்பதை வடிவமைப்பாளர் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்கும் வழக்கம் பட்டறைக்கு வர வேண்டும்.

நேரடி உமிழ்வு என்று பட்டறையில் பெரிதாக நிற்பது எரிவாயு. குரோம்-மாலிப்டினம் எஃகுகளைப் பற்றவைக்கும் முன் சூடாக்க வேண்டும். பி91 குழாய் என்றால் 200 பாகைக்குக் குறையாமல். முடிந்தபின் 750 பாகை அளவில் வைத்து அழுத்தம் தணிக்க வேண்டும். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று எரிந்தால் 57 கிலோ கரியமில வாயு. ஒரு டன் கட்டுமானத்தின் முழுப் பற்றவைப்புக்கும் மேலே வந்த 70 கிலோவோடு இதை வைத்துப் பாருங்கள். திறந்த சுடரின் வெப்பத்தில் பெரும்பகுதி குழாய்க்குப் போகாமல் காற்றுக்கும் பக்கத்தில் நிற்பவர் முகத்துக்கும் போகிறது. தூண்டல் சுருளைக் குழாயில் சுற்றிவிட்டால் வெப்பம் உலோகத்துக்குள்ளேயே பிறக்கிறது. பாகையும் ஏட்டில் பதிவாகிறது. மாற்றத்துக்கென்று பணம் ஒதுக்கினால் முதல் ரூபாய் இங்கே போக வேண்டும் என்பது என் முடிபு.

இரண்டாவது ரூபாய் பழைய மின்மாற்றி இயந்திரங்களை இன்வெர்ட்டராக மாற்றுவதற்கு. பழைய பெட்டி, வெல்டர் டீ குடிக்கப் போன நேரத்திலும் மின்சாரம் தின்னும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் வகுத்த விதி 2023 ஜனவரி முதல் பற்றவைப்பு இயந்திரங்களுக்குக் குறைந்தபட்சத் திறனை 80 சதவீதத்தை ஒட்டியும் அதற்கு மேலும் வைத்து, சும்மா இருக்கும்போது 50 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்கிறது. இந்தியாவிலும் இப்படி ஒரு விதி வருவது நல்லது.

திருத்த வேலையை எந்தக் கணக்கும் தனியாகக் காட்டுவதில்லை. எக்ஸ்-ரேயில் ஒரு குறை தெரிந்தால் கவுஜிங் போட்டுத் தோண்ட வேண்டும், அரைக்க வேண்டும், மறுபடி சூடாக்கி நிரப்ப வேண்டும், மறுபடி எக்ஸ்-ரே. ஒரு மூட்டுக்கு மூன்று மூட்டின் செலவு. அதனால் நல்ல வெல்டரே பட்டறையின் மிகச் சிறந்த உமிழ்வுக் குறைப்புக் கருவி என்று தயங்காமல் சொல்வேன். அவருடைய நுரையீரலும் இந்தக் கணக்கில் வர வேண்டும். பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் முதல் பிரிவில் வைத்தது. குறைவான உலோகம் என்றால் குறைவான புகை.

தகட்டுக்கு வருவோம். பெரும்பங்கு அதில்தான் என்றோம். உலக அளவில் ஊதுலை வழி எஃகு டன்னுக்கு ஏறக்குறைய 2.3 டன் உமிழ்கிறது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் 0.7 அளவு. 2024 டிசம்பரில் இந்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு வரையறை தந்தது: 2.2 டன்னுக்குக் கீழே இருந்தால் பசுமை, 1.6க்குக் கீழே ஐந்து நட்சத்திரம். தகடு வாங்கும்போதே இந்த எண்ணைக் கேட்டு வாங்குவது, பட்டறைக்குள் செய்யும் எந்த மாற்றத்தையும்விடப் பெரிய பலன் தரும். வணிகர் வழி வாங்கும் தகட்டோடு வரும் ஆலைச் சோதனைச் சான்றில் கார்பன் சதவீதம் இருக்கும். அது எஃகுக்குள் இருக்கும் கார்பன். வானத்துக்குப் போன கார்பனையும் எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்குவோர் சேர்ந்து கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் திருச்சிக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. 1965இல் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலையாகத் தொடங்கிய பெல் (பி.எச்.இ.எல்.), தன்னைச் சுற்றி நூற்றுக்கணக்கான பட்டறைகளை வளர்த்தது. அனல் மின் நிலைய ஆர்டர்கள் வற்றியபோது அவற்றில் பல மூடின. எஞ்சியவை ஏற்றுமதிக்கும் பிற வேலைக்கும் திரும்பின. ஆனால் கொதிகலன் வேலை கற்பித்த ஒரு பழக்கம் அவர்கள் கையில் தங்கியிருக்கிறது. தகட்டில் ஆலை அடித்த உருக்கு எண் ஒன்று இருக்கும். அந்தத் தகட்டை வெட்டுமுன், வெட்டப்போகும் ஒவ்வொரு துண்டிலும் அந்த எண்ணைச் சுத்தியலால் பஞ்ச் அடித்து மாற்றிய பிறகுதான் கட்டிங் தொடங்கும். எண் இல்லாத துண்டு குப்பை. உள்ளங்கை அகலத் துண்டைக் காட்டினாலும் அது எந்த ஆலையில் எந்த உருக்கில் பிறந்தது என்று ஏட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவார்கள். ஐரோப்பிய முறை கேட்கும் தடமறிதல் இதுதான். அந்த ஏட்டில் 'உமிழ்வு' என்று இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. சொந்த எண் கொடுக்க முடிந்த பட்டறைக்கு இயல்பு மதிப்பின் தண்டனை இல்லை.

தடை ஒன்று இருக்கிறது, அது பணமும் காலமும் சார்ந்தது. பள்ளத்தின் கோணம், முறை, வாயுக் கலவை, முன்சூடு ஆகியவற்றை நினைத்தபடி மாற்ற முடியாது. ஐரோப்பாவுக்குக் கட்டுமானம் அனுப்ப இ.என். 1090 சான்று வேண்டும். அதன்கீழ் ஒவ்வொரு பற்றவைப்பு நடைமுறையும் தகுதி பெற்றிருக்க வேண்டும். சோதனைத் தகட்டைப் பற்றவைத்து, இழுத்து, வளைத்து, குளிரில் உடைத்துப் பார்த்து, ஏட்டில் ஏற்ற வேண்டும். மொகாமியும் ஸ்கெனெக்டடியும் கற்றுக்கொடுத்த பாடம் இது. யாரும் இதைத் தளர்த்தச் சொல்லக்கூடாது. ஆனால் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்தச் செலவைத் தனியே சுமக்க முடியாது. அதனால்தான் இருபது ஆண்டுக்கு முன் தகுதி பெற்ற 60 பாகைப் பள்ளம் இன்றும் வெட்டப்படுகிறது.

இதற்கும் வழி தரநிலைகளுக்குள்ளேயே இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 15612, ஏற்கெனவே தகுதி பெற்ற பொது நடைமுறை ஒன்றை வேறொரு பட்டறை தக்க நிபந்தனைகளோடு ஏற்றுக்கொள்ள அனுமதிக்கிறது. 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆய்வு நிறுவனம் பெல்லின் கீழ் இதே திருச்சியில் இருக்கிறது. ஆய்வுக்கூடமும் அனுபவமும் பட்டறைகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. குறைந்த உலோகம் கேட்கும் இருபது நடைமுறைகளை, இருபுற வி-பள்ளம், கலவை வாயுக் கம்பி, தூண்டல் முன்சூடு என்று தேர்ந்து, அரசுச் செலவில் அங்கே தகுதிப்படுத்தி எல்லாப் பட்டறைக்கும் திறந்துவிட வேண்டும். தொழில் துறையும் பட்டறைச் சங்கங்களும் இதை இப்போதே கேட்டுப் பெற வேண்டும். ஒரு நடைமுறையைச் சோதித்து ஏட்டில் ஏற்ற மாதங்கள் ஆகும், 2030இன் 48.5 சதவீதம் அதற்காகக் காத்திருக்காது.